கழுத்தில் இரண்டு காம்பு

ஆடுமாடுகள் வாய் திறந்து பேசிய, மனிதர்கள் அதை அதிசயமாக நினைக்காத அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் சடையன் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி நாச்சி. அவர்களுடைய நிலம் மிகச் சிறியது. ஒரு மூலையில் நின்று முணுமுணுத்தால் எதிர் மூலையில் இருப்பவருக்குக் கேட்கும். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே இரண்டு முருங்கை, ஓர் அகத்தி, கொஞ்சம் அவரைக்கொடி, ஒரு குடிசை.

நாச்சிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஓர் ஆண், ஒரு பெண். அவளிடம் ஊறிய பால் ஒரு பிள்ளைக்குத்தான் போதுமானதாக இருந்தது. யாரை முதலில் மடியில் எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் தயங்குவாள். ஒன்று குடித்துவிட்டு உறங்கும். மற்றது தன் விரலைச் சப்பிக்கொண்டு கிடக்கும். நாளாக ஆக, பெண் பிள்ளைக்கு அழக்கூட வலு இல்லாமல் போயிற்று.

விலங்குகளை விலைக்கு வாங்கும் வழக்கம் அப்போது இல்லை. பால் தேவைப்பட்டவர்கள் வேலிப் படலைத் திறந்து வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்கு ஆள் வேணும்" என்று காட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். விருப்பம் உள்ளவை வந்து பார்க்கும். மனிதன் மடியைப் பார்ப்பான். விலங்கு தீனியைப் பார்க்கும். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனால் படல் சாத்தப்படும்.

சடையன் குரல் கொடுத்ததும் முதலில் பசு வந்தது. படலுக்கு வெளியிலேயே நின்று தோட்டத்தை நோட்டம் விட்டது.

"தோட்டம் நல்லாத்தான் இருக்கு, அண்ணே. இன்னைக்குப் பொழுதுக்கு எனக்கு ஆகும். நாளைக்கு என்ன போடுவீங்க?"

சடையன் அந்த ஒற்றை அகத்தியைத் திரும்பிப் பார்த்தான். பசு மரியாதையாகத் திரும்பி நடந்தது. அதன் மடி அசைந்து அசைந்து போவதையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு காம்புகள்.

"அது கட்டுப்படி ஆகாதுன்னா விடுங்க. ஆடு பார்ப்போம்" என்றாள் நாச்சி.

"ஆடுன்னாலும் நாலு காம்பு இருக்கணும்."

"ஆட்டுக்கு ரெண்டுதானே இருக்கும்?"

"நீ எல்லா ஆட்டையும் பார்த்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை. நான்கு எதற்கு என்று சடையனைக் கேட்டிருந்தால் அவனுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. பிள்ளை மெலிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதன் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தானே செய்வான்? அவனுக்குக் கிடைத்தது நான்கு.

மறுநாள் காலையில் ஒரு தூறல் போட்டு ஓய்ந்தது. படலுக்கு முன்னால் மூன்று ஆடுகள் வந்து நின்றன.

ஒன்று கொடியாடு. நெட்டைக் கால், நீண்ட கழுத்து. வேலிக்கு வெளியே நின்றபடியே முருங்கையின் நுனிக் கொப்பை எட்டிப் பறித்துத் தின்றது.

"கட்டிப்போட்டா இருப்பியா?" என்று நாச்சி கேட்டாள்.

"கட்டுறதா? காலையில போய்ச் சாயங்காலம் வருவேன். நடந்தாத்தான் எனக்குப் பால் ஊறும்."

"நீ வர்ற வரைக்கும் பிள்ளைக்கு என்ன குடுக்கிறது?"

"அது உங்க பாடு" என்றது கொடியாடு.

சடையன் குறுக்கே வந்தான். "அதெல்லாம் இருக்கட்டும். காம்பு எத்தனை?"

"ரெண்டு."

"எனக்கு நாலு வேணும்."

"நாலு வேணும்னா நாலு காலு இருக்கு, எண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு இன்னொரு கொப்பையும் பறித்துக்கொண்டு அது போய்விட்டது.

அடுத்தது மேற்கிலிருந்து வந்த நீளக்காது ஆடு. பால் கட்டி மடி தொடை வரை இறங்கியிருந்தது. சடையனின் கண் விரிந்தது. ஆனால் அந்த ஆடு ஈரத் தரையில் காலை வைக்கவே யோசித்தது.

"எனக்குப் பரண் போட்டுத் தருவீங்களா? தரை ஈரமா இருந்தா இருமல் வந்துடும். அகத்தி ஒரு மரம்தானா? என் அம்மா இருந்த வீட்டுல தோப்பு."

"காம்பு எத்தனை?" என்றான் சடையன்.

"ரெண்டுதான். என்ன கேள்வி இது?" என்று காதை உதறிவிட்டு அதுவும் போனது.

மூன்றாவது பள்ளையாடு. குட்டையான கால், உருண்டை வயிறு. அதன் பின்னால் இரண்டு குட்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. கொடியாடு போகிற போக்கில் அதைப் பார்த்து, "நீ உள்ள போனா அவரைக்கொடிக்குள்ள தேடித்தான் உன்னைப் பிடிக்கணும்" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தது. பள்ளையாடு அதைக் காதில் வாங்கவில்லை. அது வேலியையே பார்த்துக்கொண்டிருந்தது. கிளுவை நெருக்கமாக வளர்ந்திருந்தது. செந்நாய் நுழைய இடம் இல்லை. மூன்று குட்டிகள் போட்டு, அதில் ஒன்றைச் செந்நாய்க்குக் கொடுத்துவிட்டு வந்த ஆடு அது.

சடையன் நான்கு காம்பு கேட்டதும், முன்னால் வந்த இரண்டும் இல்லை என்று சொல்லிப் போனதும் அதன் காதில் விழுந்திருந்தது. அவன் தன் பக்கம் திரும்புவதற்குள் குட்டிகளை அழைத்துக்கொண்டு புதருக்குப் பின்னால் போயிற்று. அங்கே ஒரு கறையான் புற்று தூறலில் நனைந்து குழைந்திருந்தது. மண்ணை நாக்கால் நக்கி, வாயில் உருட்டி, இரண்டு காம்புகள் செய்தது. மடியில் ஒட்டிக்கொள்ளத்தான் நினைத்தது. ஆனால் குட்டிகள் பால் குடிக்க முட்டிய முட்டில் இரண்டும் கீழே விழுந்தன. மறுபடி உருட்டியது. குட்டிகள் முட்டாத இடம் எது? யோசித்தது. புற்றின் மேல் காம்புகளை நிறுத்தி, கழுத்தை வைத்து அழுத்தியது. தாடைக்குக் கீழே இரண்டும் ஒட்டிக்கொண்டன.

திரும்பி வந்து, "நாலு காம்பு" என்றது.

சடையன் குனிந்து பார்த்தான். "கழுத்துல இருக்கே?"

"பசுவுக்கு ஒரு கன்னு. எல்லாம் ஒரே இடத்துல இருந்தாப் போதும், அண்ணே. எனக்கு ரெண்டு குட்டி. சண்டை வராம இருக்கணும்னு தள்ளித் தள்ளி வச்சிருக்கு."

சடையனுக்கு அது நியாயமாகப் பட்டது. நாச்சி ஆட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். அவள் விரலில் செம்மண் ஈரமாக ஒட்டியது. சேலைத் தலைப்பில் அதைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டிப்போட்டா இருப்பியா?"

"அவிழ்த்து விட்டாலும் போக மாட்டேன், அக்கா."

"என்ன தின்பே?"

"நீங்க தின்னது போக மிஞ்சினது. வேலித் தழை. ஒரு பிடி அகத்தி."

நாச்சி படலைச் சாத்தினாள். எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சடையன் நியாயமான மனிதன். மடிக்கு முன்னால் சொம்போடு உட்கார்ந்தவன், கையை வைப்பதற்கு முன் சொன்னான்:

"நாலுல ரெண்டு உன் குட்டிகளுக்கு, ரெண்டு எங்களுக்கு. எந்த ரெண்டுன்னு நீயே சொல்லு. நானா எடுத்தாத் தப்பு."

ஆடு அசைபோடுவதை நிறுத்தியது. கழுத்தில் இருப்பது உங்களுக்கு என்று சொன்னால் சொம்பில் ஒன்றும் விழாது. வேலிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். காட்டில் எங்கோ செந்நாய் ஒன்று சீட்டியடிப்பதுபோல் கூப்பிட்டது. வேறொன்று பதில் கொடுத்தது.

"கீழே இருக்கிறது உங்களுக்கு" என்றது ஆடு.

அன்றைக்குப் பெண் பிள்ளை வயிறு நிறையக் குடித்தாள். சில நாட்களில் அவள் அழுகை அடுத்த காடு வரை கேட்டது. அந்த அழுகையைக் கேட்கக் கேட்கச் சடையனுக்குச் சந்தோஷம். தாய் மடிப்பக்கம் விடாததால் குட்டிகளோ அதன் கழுத்தில் தொங்கி இழுத்தன.

"ஒண்ணும் வரலையே அம்மா."

"வரும். சப்புங்க."

பெரிய குட்டி சப்புவதை விட்டுவிட்டு முருங்கைத் தழையைக் கடிக்கப் பழகிக்கொண்டது. சின்னது பழகவில்லை. அதன் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

"உன் கழுத்துப் பால்ல சத்து இல்லையோ? எங்களுக்கு நல்லதைக் குடுத்துட்டியா?" என்று சடையன் ஒரு நாள் கேட்டான். ஆடு வேறு பக்கம் பார்த்தது. நாச்சியும் வேறு பக்கம் பார்த்தாள்.

பிறகு ஒரு காலையில் சின்னக் குட்டி எழுந்திருக்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. நாச்சி கறந்துகொண்டிருந்தாள். சொம்பு பாதி நிறைந்தபோது அவள் கை நின்றது.

"கழுத்துல இருக்கிறது மண்ணுதானே?"

ஆடு அவளைத் திரும்பிப் பார்த்தது. "உனக்கு எப்பத் தெரியும், அக்கா?"

"நீ வந்த அன்னைக்கே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"என் பிள்ளை குடிச்சுக்கிட்டிருந்தா" என்றாள் நாச்சி. சொம்பைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ ஏன் சொல்லல?" என்றாள்.

"ரெண்டுல ஒண்ணாவது வேலிக்குள்ள இருக்கட்டும்னு."

எந்த ஒன்று என்று நாச்சி கேட்கவில்லை. அந்தக் கணக்கு அவளுக்குப் பழக்கம். ஆனால் தன் பிள்ளைக்காக அதைப் போட்டபோது தயங்கியவள், இன்னொருத்தியின் பிள்ளைக்காகப் போட்டபோது எப்படிப் பேசாமல் இருந்தாள்? குட்டியைத் தூக்கி வந்து கறக்காத காம்பில் அதன் வாயை வைத்து, இரண்டு சொட்டைத் தானே பீய்ச்சிவிட்டாள். குட்டி முதலில் வாயை அசைக்கவில்லை. அப்புறம் மெல்ல அசைத்தது. அப்புறம், நிற்க முடியாத அந்த நிலையிலும், மடியை முட்டியது.

சடையன் வந்து சொம்பை எடுத்துப் பார்த்தான். "என்ன பாதிதான் இருக்கு?"

"ஒரு காம்பு குட்டிகளுக்கு விட்டுட்டேன். பிள்ளைக்கு இது போதும்."

"அதுங்களுக்குத்தான் கழுத்துல ரெண்டு இருக்கே."

"கறந்து பாருங்க."

அவன் கழுத்துக் காம்பைப் பிடித்து இழுத்தான். ஆடு வலியில் துள்ளியது. மண் மண்ணாக இல்லை. குட்டிகளின் எச்சில் ஊறி ஊறி, தாயின் சூடு ஏறி ஏறி, அது சதையாகி, மேலே தோலும் முடியும் படர்ந்திருந்தன. இழுத்தால் வலித்தது. பால் மட்டும் வரவில்லை. சடையன் இரண்டையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தான். அவனுக்கு விளங்கவில்லை.

"பால் இல்லையே. அப்போ இது எதுக்கு இருக்கு?"

"நீங்க நாலு கேட்டீங்களே, அதுக்கு" என்றாள் நாச்சி.

சடையன் சொம்பைக் கீழே வைத்தான். ஆட்டின் முன்னால் குந்தி, தான் இழுத்த இடத்தைத் தடவிக் கொடுத்தான். பிறகு எழுந்து போய் அகத்தியில் ஏறி, தழை ஒடித்து வந்து, பெரிய குட்டிக்கு எட்டும் உயரத்தில் கட்டிவிட்டான்.

சில வெள்ளாடுகளுக்குக் கழுத்தில் பால் சுரக்காத இரண்டு காம்புகள் தொங்குவது அந்த நாளிலிருந்துதான். வீட்டுக்கு ஒரு காம்பைக் கறந்துவிட்டு மற்றதைக் குட்டிக்கு விடுவதும் அன்று முதல்தான். பாலுக்கு ஆடு பார்க்க வருகிறவர்கள், ஏன் என்று தெரியாமலே, அந்தக் கழுத்துக் காம்புகளை ஒரு முறை மெல்லத் தொட்டுப் பார்ப்பதும் அப்போதிருந்துதான்.