மாடில்லாத தெருவுல மாட்டுப் பொங்கல்

ஒரு ஊர்ல ஒரு தையக்காரம்மா இருந்தாங்களாம். பேரு தைலம்மை. ஒண்டிக்கட்டை. துணைக்கு ஒரே ஒரு பூனை, அது பேரு சுக்கு. "ம்" கொட்டு தங்கம், அப்பதான் கதை நடக்கும்.

"ம்."

தைலம்மை அந்தத் தெருவுக்குப் புதுசு. மெஷின் டகடகடகன்னு ஓடும், ஆனா வாய் தொறந்து பேச ஆள் இல்ல. ஜாக்கெட் தைக்கக் குடுப்பாங்க, வாங்கிட்டுப் போயிருவாங்க, அவ்ளோதான். சாப்புடுறப்ப சுக்குகிட்டதான் ஊர்க்கதை எல்லாம் பேசுவாங்க.

அந்த சுக்குக்கு தீபாவளி அன்னிக்கு பாசத்துல கறிக்கொழம்பு ஊத்திப் பெசஞ்சு வச்சுட்டாங்க. சளக் சளக்குன்னு நக்கித் தின்னுச்சு. ரெண்டு நாள்ல அப்படியே தொவண்டு போச்சு, பாவம். மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் பொழைக்க வச்சாரு. "அம்மா, வெங்காயம், பூண்டு, காஞ்ச திராட்சை, சாக்லேட்டு, இதெல்லாம் நமக்குத்தான் பண்டம். பூனைக்கு வெஷம்"னு சொல்லி அனுப்புனாரு.

அப்புறம் மாட்டுப் பொங்கல் வந்துச்சு. தெருவுல பேருக்குக்கூட ஒரு மாடு இல்ல. எல்லாம் ஆட்டோவும் ஸ்கூட்டருந்தான். பசங்க என்ன பண்ணுச்சுங்க, "நம்ம தெருவுக்கு சுக்குதான் மாடு!"ன்னு ஓடியாந்து, துண்டுத்துணியில மாலை கட்டி அது கழுத்துல போட்டு, தாம்பாளத்த டங்கு டங்குன்னு தட்டி, "பொங்கலோ பொங்கல்!"னு ஒரே கூத்து. தைலம்மைக்குச் சந்தோசம் தாங்கல. மொத மொதல்ல தெருவே வீட்டுக்குள்ள வந்துருக்குல்ல?

ஆனா பின்னாடியே வந்துச்சு பாரு வம்பு. மாட்டுக்கு ஊட்டணுமே!

அப்போ எதுத்த வீட்டு ராசாத்தி சக்கரைப் பொங்கலோட வந்தாங்க. நெய்யில பொரிச்ச திராட்சை மினு மினுன்னு இருக்கு.

"திராட்சை அதுக்கு ஆகாதுங்க."

"எங்க வீட்டுப் பொங்கல் ஆகாதோ?"ன்னு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டாங்க.

அப்புறம் ஒரு வாண்டு, துபாய் மாமா குடுத்த சாக்லேட்ட சரசரன்னு பிரிச்சு நீட்டுச்சு. "வேணாஞ்சாமி"ன்னு தடுத்தாங்க. அது ஓன்னு அழ, "ரொம்பத்தான் பண்றா இந்தம்மா"ன்னு பின்னால இருந்து யாரோ முனகுறாங்க.

தைலம்மை பாடு திண்டாட்டம். சரின்னா பூனை போயிரும். வேணாம்னா தெரு போயிரும். நீயே சொல்லு, என்ன பண்ணுவாங்க?

"ம்..."

அப்போ தெருவுக்கே பெரியவங்க, பிச்சம்மாக்கா வந்தாங்க. கையில கறிக்கொழம்புச் சோத்து உருண்டை, சின்ன வெங்காயம் பூண்டெல்லாம் வாசம் தூக்குது. சுக்கு மியாவ்னு ஒரே தாவு!

தைலம்மை லபக்குன்னு அதப் புடிச்சுக்கிட்டாங்க.

"நல்ல நாளும் அதுவுமா ஊட்ட வந்த கைய மடக்கச் சொல்றியா?"

"மடக்காதீங்கக்கா. எனக்கு ஊட்டுங்க. சுக்கு பங்க நான் சாப்புடுறேன்"னு ஆன்னு வாயத் தொறந்தாங்க.

பிச்சம்மாக்கா ஒரு நிமிசம் முழிச்சாங்க. அப்புறம் ஊட்டிட்டாங்க. தைலம்மை கண்ணுல பொல பொலன்னு தண்ணி.

"காரமா தாயி?"

"இல்லக்கா. எங்கம்மா போனப்புறம் யாரும் எனக்கு ஊட்டுனதில்ல."

அப்புறம் தீபாவளிக் கதைய அழுதுகிட்டே சொன்னாங்க. மொத ஆளா ராசாத்தி வந்து ஒரு வாய் பொங்கல் ஊட்டுனாங்க. அந்த வாண்டு கண்ணத் தொடச்சுக்கிட்டு சாக்லேட்டுல பாதிய ஒடச்சுக் குடுத்துச்சு. "அப்ப மாடு தைலம்மைதான்!"னு பசங்க மாலையக் கழட்டி அவங்க கழுத்துல போட்டுருச்சுங்க.

மறு வருசம் பிச்சம்மாக்கா என்ன பண்ணாங்க தெரியுமா? வெங்காயம் வதக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு கறித்துண்ட வெறும் தண்ணியில வேக வச்சு எடுத்து வச்சாங்க. "இது சுக்குக்கு." அப்புறம் கொழம்புச் சோத்துல பெருசா ஒரு உருண்டை புடிச்சாங்க. "இது தைலத்துக்கு."

...ம் காணோமே? சரி, கதையும் வாலச் சுருட்டிப் படுத்துருச்சு. நீயும் தூங்கு.