உள்ளே செருகிய புரி

கேளுங்கள். வெகு காலத்துக்கு முன் மலைநாட்டு அரசி ஒருத்திக்குக் கயிற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது. அன்று அங்கே இருந்தவர்கள்: கண்காணி மாசாத்தன், கயிறு முறுக்கும் பெண்கள் நால்வர், ஆண்கள் இருவர், அரண்மனைச் சேவகன் ஒருவன், கட்டிப்போட்ட ஆடு ஒன்று. சுவரில் கயிறுகள் பன்னிரண்டு.

தேனெடுப்பவர்கள் அந்தக் கயிறுகளில்தான் மலைவிளிம்பிலிருந்து இறங்குவார்கள். முந்தின நாள் ஒரு கயிறு அறுந்து, ஒருவன் இடுப்பொடிந்து கிடந்தான். அரசியின் கட்டளையைச் சேவகன் சொன்னான்: "நாளைக் காலை முதலில் இறங்கப் போகிறவர் கண்காணி."

மாசாத்தன் யாரையும் நம்பாதவன். முறுக்கும்போது கயிற்றின் இழையான புரி அறுந்தால் அவன் கையால் பிரம்படி, அன்றைக்குக் கஞ்சியும் கிடையாது. அதனால் அறுந்த நுனியை உள்ளே செருகி, மேலே நல்ல நாரைச் சுற்றி மறைத்துவிடுவார்கள். அவனுக்கு அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. எந்தக் கயிற்றில் என்றுதான் தெரியாது. கல்லைக் கட்டிப் பார்த்தான்; எல்லாம் தாங்கின. முந்தின நாள் அறுந்த கயிறும் கல்லைத் தாங்கியதுதான்.

முதலில் பிரம்பை எடுத்தான். "எது கெட்ட கயிறு?"

"எல்லாம் நல்ல கயிறுதான் ஐயா."

அடுத்து, காட்டிக்கொடுப்பவருக்கு நெல்லுச்சோறு என்றான். முறுக்குபவர்களில் பொத்தன் கொற்றியைக் காட்டினான், கொற்றி பொத்தனைக் காட்டினாள். நொடியில் எல்லாரும் எல்லாரையும் காட்டினார்கள்.

"ஆட்டை விட்டுவிட்டீர்களே," என்றான் சேவகன்.

மூன்றாவதாக, வேறு வழி தெரியாமல் மாசாத்தன் தான் இறங்குவதற்குத் தானே ஒரு கயிறு முறுக்க உட்கார்ந்தான். புரி அறுந்தது. விரல் தானாகவே நுனியை உள்ளே செருகப் போனது, பாதியில் நின்றது.

அதை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான். "என் கையில் அறுந்தது. இன்று எனக்குக் கஞ்சி இல்லை." பிரம்பை ஒடித்து அடுப்பில் போட்டான்.

இது என்ன தந்திரமோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்துக் கொற்றி ஒரு கயிற்றைக் கழற்றி வந்தாள். "இது நான் முறுக்கியது. கெட்டது."

அவன் கை பழக்கத்தில் பிரம்பைத் தேடியது. கையை மடியில் அடக்கிக்கொண்டு, "எந்த இடத்தில்?" என்று மட்டும் கேட்டான். காட்டினாள். "சரி. உட்கார், கஞ்சி குடி."

அவள் குடித்து முடிக்கும்வரை மற்றவர்கள் பார்த்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கெட்ட கயிறுகளைக் கழற்றி வந்தார்கள்.

முடிவில் கடைசி ஆணியில் வெண்ணியின் கயிறு மட்டும் தொங்கியது. கொட்டகையில் அதிகம் அடிபட்டவள் அவள். கைவாகு இல்லாதவள் என்று அவன் ஒதுக்கியிருந்தான்.

"உன்னுடையதில் மட்டும் ஒன்றுமில்லையா?" என்று சந்தேகத்தோடு கேட்டான்.

"புரி அறுந்தபோதெல்லாம் கொண்டுவந்து காட்டி அடி வாங்கினேனே ஐயா. மறந்துவிட்டதா?"

மாசாத்தன் அவள் கயிற்றை ஆணியிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். மறுநாள் காலை அந்தக் கயிறுதான் அவனை இறக்கியது, ஏற்றியது.

குறையைக் காட்டுபவரை அடிக்கிற இடத்தில் குறை தீராது, ஒளிந்துகொள்ளும்.

கயிறு பன்னிரண்டில் மிஞ்சியது ஒன்று.