வந்து ஏறியவர் பட்டியல்

"உன் முருங்கைக் கிளை என் ஓட்டை உடைச்சது போதாதா? இப்ப கம்பளிப்பூச்சியையும் அனுப்பி வைக்கிறியா?"

"பூச்சிக்கு வழி சொல்லி அனுப்பினது நான்தானாக்கும்! காய் காய்க்கிறப்ப மட்டும் இனிக்குதே, அப்ப பூச்சி கண்ணுக்குத் தெரியலையா?"

"நான் கேட்டேனா? கொண்டாந்து குடுத்தது நீ!"

"குடுத்தேன். தின்னுட்டுத்தானே பேசுறே!"

மதிலுக்கு இந்தப் பக்கம் மின்னாள், அந்தப் பக்கம் முருங்கைக்குச் சொந்தக்காரி சிப்பியம்மா. முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் வம்பு வரும் ஒரு நாட்டில், இருபது வருடமாக ஒரு நாளும் தவறாமல் நடந்துவந்த சண்டை இது. தெருவில் யாரும் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. சத்தம் கேட்காத அன்றுதான், இருவரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார்கள். மின்னாளின் புருஷன் கொம்பையா, அரண்மனையில் விகடம் சொல்கிறவன், அந்தச் சத்தத்தைத் தொட்டுக்கொண்டுதான் காலைக் கஞ்சி குடிப்பான்.

அன்றைக்கு மின்னாளுக்குச் சரியான பதில் அகப்படவில்லை. நாக்கு நுனியில் புதிதாக ஒட்டியிருந்ததை எடுத்து வீசினாள்.

"போடி, வந்தேறி!"

சிப்பியம்மா திருப்பிக் கொடுப்பாள் என்று மின்னாளே காத்திருந்தாள். சிப்பியம்மா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொம்பையாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. "எங்கேர்ந்து வந்துச்சு உனக்கு இந்தப் பேச்சு?"

"நேத்து தமுக்கடிச்சுச் சொல்லிட்டுப் போகலையா?" மின்னாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஊரே சொல்லுது. நான் மட்டுமா?"

ஊர் சொன்ன கதையையும் கேளுங்கள். அந்த நாட்டில் இரண்டு வழியார் இருந்தார்கள். சுடர்வழியார் அந்தியில் விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். நீர்வழியார் விடியலில் ஒரு கை நீரைக் கிழக்கே விட்டுக் கும்பிடுவார்கள். மன்னர், அமைச்சர், கொம்பையா, நாட்டில் முக்கால்வாசிப் பேர் சுடர்வழி. சிப்பியம்மா நீர்வழி. செக்கு வைத்திருந்தாள். சுடர்வழிக் கோயிலில் எரிந்த எண்ணெயில் பாதி அவள் ஆட்டியது. யார் ஆட்டினார்கள் என்று விளக்கும் கேட்டதில்லை, சாமியும் கேட்டதில்லை.

அதைக் கேட்ட மகானுபாவர் தலைமை அமைச்சர் மருதவாணராயர். ஐப்பசி மழையில் பெரிய ஏரி உடைந்து மூன்று ஊர்கள் மூழ்கின. கரையில் கல் அடுக்க வேண்டிய இடத்தில் மண்ணை அப்பிவிட்டுப் போனது அமைச்சருடைய மைத்துனர் என்பது மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். சனங்கள் கொதித்துப்போய் அரண்மனையின் முன் திரண்டார்கள். அமைச்சர் என்ன செய்தார்? கோயில் தலைவர் சோதிநாத அடிகளைக் கூட்டிவந்து கூட்டத்தின் முன் நிறுத்தினார். அடிகள் கையை உயர்த்தி, "தண்ணீரைக் கும்பிடுகிறவர்கள் ஏவினார்கள், தண்ணீர் கரையை உடைத்தது" என்றார். அவ்வளவுதான். ஏரிக்கரையைப் பற்றிக் கேட்க வந்த கூட்டம் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பிப் போனது. மூழ்கிய மூன்றில் இரண்டு நீர்வழியார் ஊர் என்பது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

மறுநாளே தமுக்கு. 'வந்தேறிகள் அனைவரும் வருகிற பௌர்ணமிக்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.' ஆணையில் நீர்வழியார் என்ற சொல்லே கிடையாது. எழுதினால் பழி நம் மேல் வரும், எழுதாமல் விட்டால் சனங்களே நிரப்பிக்கொள்வார்கள் என்பது அமைச்சரின் கணக்கு.

மன்னர் அலங்காரவர்மர் கெட்டவர் அல்லர். கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கும்போது எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார், அதுதான் அவரிடம் உள்ள நோய். கொம்பையா பேசினால் விழுந்து விழுந்து சிரிப்பார். அமைச்சர் பேசினால் கொட்டாவி விடுவார். அந்தக் கொட்டாவிகளை எல்லாம் அமைச்சர் மனத்தில் சேர்த்துவைத்திருந்தார். அன்று சபையில் அவிழ்த்தார்.

"அரசே, வந்தேறிகளின் பட்டியலை எழுதும் பணியை நம் விகடரிடமே ஒப்படைக்கலாம். வீடு வீடாக நுழைகிறவர். அவருக்குத் தெரியாத முகம் ஏது?"

எழுதினால் தெரு காறித் துப்பும். எழுதாவிட்டால் ராசத் துரோகம். மன்னர் மீசையைத் திருத்திக்கொண்டே, "நல்ல யோசனை. மூன்று நாள் அவகாசம். ஒரு பெயர் விட்டுப்போனாலும், விகடரே, உம் தலை இருக்காது" என்றார்.

வேறு நாளாக இருந்தால் கொம்பையா அதற்கும் ஒரு வேடிக்கை சொல்லியிருப்பான். அன்று அவன் காதில், காலையில் சிப்பியம்மா சாத்திய கதவின் சத்தம்தான் இருந்தது.

"உத்தரவு, அரசே. ஒரு சந்தேகம். வந்தேறி என்பவர் யார்?"

அமைச்சர் இருமினார். "சொல்லிலேயே பொருள் இருக்கிறதே."

"வந்து ஏறியவன் வந்தேறி!" என்றார் மன்னர். "உமக்குத் தமிழும் நானே கற்பிக்க வேண்டுமா?"

"அரசர் திருவாக்கை ஓலையில் பொறித்து முத்திரை இட்டுத் தரவேண்டும். பிழை வந்தால் போகிறது என் தலை அல்லவா?"

முத்திரை விழுந்தது.

அன்று மாலை சிப்பியம்மா வாசலில் மாட்டு வண்டி நின்றது. அவளும் மகள் முத்தாளும் செக்கு உலக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சிப்பியம்மா, கழட்டாதே. மூணு நாள் பொறு" என்றான் கொம்பையா.

"பட்டியல் உங்க கையிலயாமே, அண்ணே." அவள் நிமிரவில்லை. "எழுதுறது எழுதுங்க. என் பேரையும் முத்தாள் பேரையும் அடுத்தடுத்து எழுதுங்க. ஆளுக்கொரு திசையில ஏத்திவிட்டுடப் போறாங்க."



விடிந்ததும் கொம்பையா எந்தத் தெருவுக்கும் போகவில்லை. அரண்மனை குன்றின் மேல் இருந்தது, தொண்ணூற்றாறு படி. முதல் படிக்கு அருகே ஓலைக்கட்டும் எழுத்தாணியுமாக உட்கார்ந்தான். வந்தவர்களைப் பார்த்தான். எழுதினான்.

பல்லக்குக்குள்ளிருந்து அமைச்சர் தலையை நீட்டினார். "என்ன விகடரே, வந்தேறிகள் தெருவில் அல்லவா இருக்கிறார்கள்?"

"பட்டியல் நன்றாக நிரம்புகிறது, பிரபு. தாங்கள் ஏறுங்கள், ஏறுங்கள்."

மூன்றாம் நாள் சபை நிறைந்திருந்தது. கொம்பையா ஓலையைப் பிரித்தான்.

"முதற்பெயர், தலைமை அமைச்சர் மருதவாணராயர்."

சபை முழுவதும் அமைச்சர் பக்கம் திரும்பியது.

"கீழை வீதியிலிருந்து வந்தார். படி ஏறினார். அதற்கு முன் பல்லக்கில் ஏறினார். பல்லக்கு நாலு பேர் தோளில் ஏறியது. மைத்துனரோ ஏரிக்கரையில் ஏறி, மூன்று ஊரின் தலையில் இறங்கினார். இரண்டாம் பெயர், சோதிநாத அடிகள். கோயிலிலிருந்து வந்தார், படி ஏறினார், சனங்களின் கோபத்தின் மேல் ஏறி நின்று பேசினார். மூன்றாம் பெயர், சேனாதிபதி. வந்தார், குதிரை ஏறினார்..."

"அரசே, இது பரிகாசம்!" அமைச்சர் துள்ளி எழுந்தார். "நீர்வழியாரில் ஒரு பெயர்கூட இல்லை! அந்தச் செக்குக்காரியின் பெயர் எங்கே?"

"அவளை எப்படி எழுதுவது, பிரபு? நீர்வழியார் இந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்று போன மாசியில் தாங்கள்தானே சட்டம் போட்டீர்கள்? எண்ணெய்க் குடத்தைக் கீழேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறாள். ஏறவே விடாதவளை ஏறியவள் என்று எழுதினால் அரச முத்திரை பொய்யாகிவிடாதா?"

சபையின் பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மன்னர் அடக்கவில்லை, தொடையில் தட்டிச் சிரித்தார். "கடைசிப் பெயர் யாருடையது?"

"கடைசி வரி காலியாக இருக்கிறது, அரசே. எழுதாவிட்டால் என் தலை போகும் என்றீர்கள். எழுதினாலும் போகும்."

மன்னர் அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தார். அரியணைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பழைய ஓவியம். அதில் அவருடைய முப்பாட்டனார் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குதிரையில் வந்துகொண்டிருந்தார். அதை அடுத்த ஓவியத்தில், அதே மீசையோடு, இதே அரியணையில் ஏறிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாக வெடித்தது. "பௌர்ணமிக்குள் நானும் மூட்டை கட்டவேண்டுமா, ஓய்! கிழியுங்கள் அந்த ஆணையை! விகடரே, என்ன வேண்டும்? கேளும்!"

சபை முழுவதும் சிரித்தது. அமைச்சர்கூடப் பல்லைக் காட்டி வைத்தார். கொம்பையா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் சிரிக்கச் சொல்லவில்லை, அரசே. மூன்று ஊர் தண்ணீரில் கிடக்கிறது. இங்கே மூன்று நாளாகப் பெயர் எழுதுகிறோம். கரையில் கல் வைக்கச் சொல்லுங்கள். அந்த மைத்துனர் கையாலேயே வைக்கட்டும். தமுக்கு எந்தத் தெருவுக்கெல்லாம் போனதோ அந்தத் தெருவுக்கெல்லாம் திரும்பப் போகட்டும். 'சொன்னது தப்பு' என்று அடிக்கட்டும்."

மன்னருக்கு முகம் சுருங்கியது. ஆனால் சபை பார்த்துக்கொண்டிருந்தது. ஒப்புக்கொண்டார். கூடவே தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றிக் கொம்பையா கையில் போட்டுவிட்டார், வேண்டாம் என்று சொல்ல இடம் தராமல்.

தமுக்கு திரும்ப வந்தது. போகும்போது இருந்த சத்தம் வரும்போது இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆணையை மாற்றலாம், ஊர் வாயை மாற்ற முடியுமா? சந்தையில் ஒருவன், குளத்தங்கரையில் ஒருத்தி, சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். தை பிறந்ததும் சிப்பியம்மா செக்கை வண்டியில் ஏற்றித் துறைமுகப் பட்டினத்துக்குப் போய்விட்டாள். யாரும் விரட்டவில்லை. மதில் மட்டும் பேசாமல் நின்றது.

மருதவாணராயர் மகளை அண்டை நாட்டு அமைச்சர் மகனுக்குக் கட்டிக்கொடுத்து, பதவியை விட்டு, சம்பந்தி வீட்டோடு போனார். அங்கே இப்போது ஆற்றுப் பாலம் ஒன்று இடிந்திருக்கிறதாம். யார் இடித்தது என்பதற்குச் சம்பந்திகள் இருவரும் ஆள் தேடுகிறார்களாம்.

முத்தாளுக்குப் பட்டினத்தில் கப்பல் கயிறு திரிப்பவனோடு கல்யாணம் நடந்தது. மின்னாளுக்கு அழைப்பு ஓலை வரவில்லை. வராமலே இரண்டு நாள் வண்டியில் போனாள். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகாமல் நின்றவளைச் சிப்பியம்மாதான் பார்த்தாள்.

"வழியை அடைச்சுக்கிட்டு என்னடி நிக்கிறே? உள்ள வந்து சாப்பிடு."

மின்னாள் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாம்பாரில் உப்பு குறைவு என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். சிப்பியம்மா சட்டென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.