ஓர் உதை குறைந்த மறுதேர்தல்

கொக்கரப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள் என்றால், பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தாலும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அந்த ஊரிலும் சுரைக்காய்க் கட்சிக்கு ஒரு கிளை இருந்தது. மாவட்ட மாநாட்டுக்கு ஊருக்கு ஒரு பிரதிநிதி. ஆடி கழிந்த பிறகு தேர்ந்தெடுங்கள் என்றது மேலிடம். முந்துகிறவனுக்கு முன்வரிசை என்று எவனோ கிளப்பிவிட்டான். இவர்கள் ஆடியிலேயே தேர்தலை முடித்துவிட்டார்கள். அங்கே ஓட்டுச்சீட்டெல்லாம் கிடையாது. யாரைப் பிடிக்கிறதோ அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும்.

மாட்டுத் தரகர் சடையப்பனும் அரிசி மில் பொன்னுரங்கமும் மோதினார்கள். சடையப்பன் பின்னால் ஒரே ஓர் ஆள் கூடுதல். அந்த ஆள் அங்குசாமி. அன்று காலையில்தான் சடையப்பன் ஓர் எருமையை அவன் தலையில் கட்டியிருந்தார். "கயிறு சும்மா தர்றேன், சாயங்காலம் என் பின்னாடி வந்து நில்லு" என்று பேரம். மத்தியானமே எருமை அங்குசாமியின் முழங்காலை உதைத்துப் பெயர்த்தது. ஆனாலும் பேச்சு பேச்சுதான் என்று நொண்டிக்கொண்டே வந்து நின்றான்.

ஆடி கழிந்ததும் மேலிடப் பார்வையாளர் ஜீப்பில் வந்தார். "ஆடியில நடத்தினது செல்லாது. அந்த நாளே நடக்கலைன்னு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் முதல்லேருந்து நடத்துங்க. இல்லேன்னா உங்க ஆளை உள்ளே உட்கார விடமாட்டோம்."

"முடிஞ்ச வியாபாரத்தை எவன்யா கலைப்பான்?" என்று சடையப்பன் பாய்வதற்குள் ஜீப் போய்விட்டது.

அவர் பள்ளிக்கூடம் பார்க்காதவர், சந்தையில் மிதிபட்டு, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியே தலையெடுத்தவர். ஆயுசு முழுக்க நின்றே தொழில். ஒரு தடவையாவது பொன்னுரங்கம் வயிறெரிய, மாநாட்டில் ஃபேனுக்கு நேர் கீழே, சாய்மானம் வைத்த நாற்காலியில் உட்காரவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கிளைச் செயலாளர் கோட்டைச்சாமி கூட்டம் போட்டார். "அந்த நாளே நடக்கலைன்னா, அன்னிக்கு நான் எடுத்த மீசை?"

"திரும்ப ஒட்டிக்குங்க. மறுபடி எடுக்கணுமில்ல" என்றது கூட்டம்.

"அன்னிக்குப் பொறந்த என் பேரன்?" என்றார் பொன்னுரங்கம்.

"இன்னும் பொறக்கலை. சாயங்காலம் வரைக்கும் தெருக்கோடியில வச்சிருங்க."

"மழை பெய்ஞ்சுதே?"

கூரைமேல் குடத்தோடு நாலுபேர் ஏறினார்கள்.

இப்படியாக மறுநாள் அந்த நாள் விடிந்தது. செயலாளர் சோளக்குஞ்சத்தை மீசையாக ஒட்டிக்கொண்டு வந்து சிரைத்துக்கொண்டார். அங்குசாமி கால்கட்டை அவிழ்த்துவிட்டு, எருமையைச் சடையப்பனிடமே திருப்பிக் கட்டிவிட்டு, பழைய விலைக்கே அதை வாங்க வந்தான்.

"உதைக்குமாண்ணே?"

"பசு மாதிரிடா தம்பி."

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க?"

"சொன்னதையே சொல்லாட்டி அப்புறம் என்னடா மறுதேர்தல்?"

அது அங்குசாமிக்கும் நியாயமாகப் பட்டது. வாங்கிக்கொண்டு, உதை வாங்க எருமையின் பின்னால் போய் நின்றான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

எருமை அசை போட்டது. அதற்கு யாரும் விதியைச் சொல்லியிருக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. "ஒரு உதை குறையுது. தேர்தல் செல்லாது" என்று பொன்னுரங்கம் குதித்தார்.

சடையப்பனுக்குக் கோபம் உச்சிக்கேறியது. "எவன் வளர்த்த எருமைடா இது? வாங்குற காசுக்கு வேலை செய்யாதா?" என்று அதன் வாலைப் பிடித்து முறுக்கினார். எருமை விட்டது ஓர் உதை. அங்குசாமி நின்ற இடத்திலேயே நின்றான். சடையப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் போரில் கிடந்தார்.

கோட்டைச்சாமி முன்னால் வந்தார். "அன்னிக்கு உதை வாங்கினவன் யாரு?"

"அங்குசாமி."

"இன்னிக்கு உதை வாங்கினவர் இவரு. அப்ப இவருதானே அங்குசாமி? மிச்சமிருக்குற அங்குசாமி சடையப்பனாத்தானே இருக்கணும்?"

சடையப்பன் பக்கத்து ஆட்களெல்லாம் அங்குசாமியின் பின்னால் வரிசை கட்டினார்கள். பொன்னுரங்கம் பக்கமும் சமமாக ஆள். ஓர் ஆள் குறைந்தது. எல்லார் கண்ணும் வைக்கோல் போருக்குத் திரும்பியது.

"வரமாட்டேன்டா! நான் சடையப்பன்டா!"

"நீங்க வராட்டி சடையப்பன் தோத்துருவாருண்ணே" என்றான் அங்குசாமி.

சடையப்பன் பல்லைக் கடித்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்தார். நொண்டிக்கொண்டே போய் வரிசையின் கடைசியில் நின்றார். சடையப்பன் ஒரே ஓர் ஆளில் ஜெயித்தார்.

மாநாடு முடிந்த கையோடு அங்குசாமி நேரே சடையப்பன் வீட்டுக்கு வந்தான். கால்கட்டோடு படுத்திருந்தவர் பாதி எழுந்து கேட்டார்: "டேய், உள்ளே விட்டாங்களா? நான் எங்கே உட்கார்ந்தேன்?"

"முன்வரிசையிலண்ணே. ஃபேனுக்கு நேர் கீழே. நல்லா சாய்ஞ்சு தூங்கினீங்க."

சடையப்பன் முகம் மலர்ந்தது. காலை அசைத்ததும் சுருக்கென்றது. முகம் மறுபடி கடுத்தது.

"சந்தோஷம். ஆனா இந்தக் கால் மட்டும் ஆறட்டும். உதைக்கிற எருமையைப் பசுன்னு சொல்லி என் தலையில கட்டினானே, அந்தச் சடையப்பன் பயலைச் சும்மா விடமாட்டேன்!"