சுகந்தியின் கல்யாணம் இரண்டு டிஸ்கில் இருந்தது

இதை எங்கேயாவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கம்ப்யூட்டரைத் துடைப்பதற்குக்கூடத் தொட்டதில்லை. ஆனால் அந்த ஸ்டூடியோவில் பதினோரு தடவை போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவளும் நான்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். மகள் சுகந்தியின் கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தினமும் போனில் ஒரே கேள்விதான். "ஏட்டி, கல்யாண வீடியோ வந்துட்டா?" பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறியதை அந்த மனுஷர் இன்னும் பார்க்கவில்லை.

வீடியோ எடுத்தவர்கள் எங்கள் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் நயினார், அடுத்தவர் வேலாயுதம், இளையவர் சுடலைமுத்து. மூவரும் தங்கமானவர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் கஷ்டம். ஒரு கல்யாணத்தில் "வந்தவங்க ஒருத்தரையும் விட்டுடாதீங்க" என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். எல்லோரையும் எடுத்து முடிக்கும்வரை மண்டபத்துக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று திருநெல்வேலியிலிருந்து எட்வின் என்ற மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் புதிதாக இரண்டு டிஸ்க் மாட்டினார். ரெய்டு என்று ஒன்றைப் போட்டார்.

"ஒன்னுல எழுதுனா இன்னொன்னுலயும் தானா எழுதிக்கிடும். ஒரு டிஸ்க் கெட்டாலும் இன்னொன்னு கைகொடுக்கும். ஆனா இதை மட்டும் நம்பி இருக்காதீங்க. இந்தாங்க, மூணாவதா ஒரு டிஸ்க். இதைத் தனியா வச்சுக்கிடுங்க" என்றார்.

மூவரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

சுகந்தி கல்யாணத்தையும் அந்த இரண்டு டிஸ்கில்தான் ஏற்றினார்கள். ஒரு மாதத்தில் திரும்பவும் இடம் நிரம்பிவிட்டது. அண்ணன் தம்பிகள் கூடி உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, வாங்குனது ரெண்டு டிஸ்க். ஒரு டிஸ்க் அளவுக்குத்தான் இடம் காட்டுது" என்றார் வேலாயுதம்.

"ஒவ்வொரு கல்யாணமும் ரெண்டுலயும் கிடக்குல்லா, அதான்" என்றார் நயினார்.

சுடலைமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதெப்படி? ஒரு பிள்ளைக்கு ரெண்டு கல்யாணமா? யக்கா, நீங்களே சொல்லுங்க. சுகந்திக்கு ரெண்டு கல்யாணம்னா ஊரு என்ன பேசும்?"

"வேண்டாம்யா, ஒன்னு போதும்" என்று சொல்லிவிட்டேன்.

நயினார் தீர்ப்புச் சொன்னார். "அப்ப ஒரே ஒரு தடவை அழிப்போம். ரெண்டு தடவை அழிச்சாத்தானே ரெண்டும் போவும்?"

சுடலைமுத்து இடது பக்கத்து டிஸ்கையே உற்றுப் பார்த்தபடி, ஒரே தடவை, மெதுவாகப் பட்டனை அழுத்தினார். காலியான இடத்தில் ஒரு காதுகுத்தை ஏற்றினார்கள். பிறகு சுகந்தி கல்யாணத்தைத் தேடினார்கள். காதுகுத்து இரண்டு டிஸ்கிலும் இருந்தது. கல்யாணம் இரண்டிலும் இல்லை.

எட்வினுக்குப் போன் போட்டார்கள். "ரெய்டு அதோட வேலையைச் சரியாத்தான் பாத்திருக்கு. ஒன்னுல அழிச்சா இன்னொன்னுலயும் அழியத்தான் செய்யும். போவட்டும், அந்த மூணாவது டிஸ்கை எடுங்க."

நயினார் என்னைப் பார்த்துத் தெம்பாகச் சிரித்தார். மேல் அலமாரியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

"தனியா வைக்கச் சொன்னீங்க. சாமி படத்தைக்கூட ரெண்டடி தள்ளித்தான் வச்சிருக்கோம்."

"அதுல கல்யாணத்தை ஏத்துனீங்களா?"

"ஏத்துனா அப்புறம் அது எப்படித் தனியா இருக்கும்?"

எட்வின் போனை வைத்துவிட்டார்.

நான் அழுத அழுகையைப் பார்த்து மூவருக்கும் மனசு கேட்கவில்லை. கல்யாணத்தை இன்னொரு தடவை நடத்துங்கள், இலவசமாக எடுத்துத் தருகிறோம் என்றார்கள். சுகந்திக்கு அப்போது ஏழாவது மாதம். முகூர்த்த ஜாக்கெட்டில் ஒரு கைதான் நுழைந்தது. சம்பந்தியம்மாளிடம் கெஞ்சிக் கூத்தாடி, மேளக்காரருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, மணமேடை போட்டுவிட்டோம்.

இந்தத் தடவை நான் உஷாராக இருந்தேன். "ரெண்டு கேமரா வையுங்கய்யா. ஒன்னு கெட்டாலும் ஒன்னு இருக்கட்டும்" என்றேன். அவர்கள் தலையோடு தலை வைத்து யோசித்தார்கள்.

"இந்தக் கேமரா கெட்டா, அந்தக் கேமராவுல இது இருக்கணும்."

"அது கெட்டா, இதுல அது இருக்கணும்."

"அப்ப ரெண்டும் ஒன்னை ஒன்னு எடுத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் நயினார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வீடியோ குவைத்துக்குப் போனது. அன்றைக்கே வீட்டுக்காரர் கூப்பிட்டார். "ஏட்டி, கெட்டிமேளம் கேக்கு. அட்சதை பறக்கு. ஆனா ரெண்டு மணி நேரமா வேர்வையைத் தொடைச்சுக்கிட்டு நிக்கிற இந்த ரெண்டு பேரும் யாரு?"

அதற்குமேல் நான் யாரையும் நம்பவில்லை. தினமும் அவர் சாப்பிடுகிற நேரத்துக்குக் கல்யாணத்தை நானே போனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு முடிந்துவிட்டது. நாளைக்குத் தாலி.

எனக்கு மறந்துபோனால் என்ன செய்வது? அதனால் பக்கத்து வீட்டு மதினி பாக்கியத்தாயைக் கூடவே உட்காரவைத்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். நான் ஒன்றை மறந்தால் மதினியும் அந்த நிமிஷமே அதை மறந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையும் மதினிக்குத் தெரியும். நான் எங்கேயாவது தப்பாகச் சொல்லியிருந்தால் மதினியைக் கேளுங்கள். அதே இடத்தில் அதே தப்பைச் சொல்லுவாள்.

இதற்கும் மேலே ஒரு பாதுகாப்பு இருக்கட்டும் என்று, சாத்தூரில் இருக்கும் என் தங்கச்சியைத் தனியாக வைத்திருக்கிறேன். அவளிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.