பேச்சு முடிக்க மூன்று நாள்

பாலாற்றங்கரையில் பெண்கள் மட்டுமே இருந்த மடம் ஒன்று. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் மடத்துக்கு ஆள் வந்துகொண்டிருந்தது.

மரகதம் அங்கே வந்து பதினேழு வருஷம். வயது நாற்பத்தாறு. மடத்தின் குருவை எல்லாரும் அம்மா என்பார்கள். அந்த அம்மாவோ மரகதத்தைவிட ஏழு வயது இளையவர். அதனால் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு காலையில் மரகதம் அம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு மௌன விரதம் கொடுங்கம்மா."

"எத்தனை நாளைக்கு?"

"கடைசி வரைக்கும்."

அம்மா காரணம் கேட்கவில்லை. மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மௌனம் கேட்பவர் மூன்று நாளைக்குள் தன் பேச்சை முடித்துவிட்டு வர வேண்டும். யாரிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாரோ, அதைச் சொல்லித் தீர்த்த பிறகுதான் வாயை மூடலாம்.

"முடிச்சிட்டு வாங்கக்கா," என்றார் அம்மா.

மரகதம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லாமல் இருக்கத்தானே மௌனமே கேட்டாள். வசமாக மாட்டிக்கொண்டாள்.

முதல் நாள் சில்லறை விஷயங்களைச் சொல்லித் திரிந்தாள். உன் செம்பை நசுக்கியது நான்தான், பூஜையில் நீ பாடும்போது காதைப் பொத்திக்கொண்டது நான்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் சமையற்கட்டுக்குப் போனாள். குணவதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இருவருக்கும் பத்து வருஷப் பழக்கம்.

"குணவதி, என் மனசு ஆம்பளைங்க பக்கம் போனதே இல்லை. பொம்பளைங்க பக்கம்தான் போவுதோன்னு தோணுது."

குணவதியின் கை நிற்கவில்லை.

"தோணுதா, நிச்சயமா?"

"தெரியலை. நிச்சயமாத் தெரிஞ்சா இவ்வளவு பயம் இருக்காது."

"எத்தனை வருஷமாத் தெரியலை?"

"பதினாறு வயசிலேருந்து."

"அடிப்பாவி, இதைத் தனியாவா வெச்சிருந்தே?" குணவதி கீரையில் பாதியை அள்ளி அவள் மடியில் போட்டாள். "ஆய்ஞ்சுக்கிட்டே பேசு."

அதில் வந்த தைரியத்தில்தான் மரகதம் செண்பகத்திடம் போனாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மடத்தில் ஒருவர் தலைக்கு ஒருவர் எண்ணெய் தேய்த்துவிடும் நாள். செண்பகத்தின் தலை பதினைந்து வருஷமாக மரகதத்தின் கையில்தான் இருந்தது. இருவர் பாயும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும். மரகதம் உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்த்தபடியே சொன்னாள். குணவதியிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

செண்பகத்தின் தலை கையைவிட்டு நகர்ந்தது.

"அப்போ, இத்தனை வருஷமா நீ எனக்கு எண்ணெய் வெச்சதெல்லாம்?"

"எண்ணெய்தான் வெச்சேன், செண்பகம்."

செண்பகம் பதில் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கமாகப் போய், தானே தேய்த்துக்கொண்டாள். பழக்கமில்லாத கை. எண்ணெய் கழுத்து வழியாக ரவிக்கையில் இறங்கியது. துடைத்துவிட மரகதத்தின் கை எழுந்தது, பிறகு மடியில் விழுந்தது.

அன்று சாயங்காலமே செண்பகம் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மரகதம் அழுதாள். யாராவது செத்துப்போனால் பக்கத்தில் உட்கார்ந்து அழ நாலு பேர் வருவார்கள். இதற்கு யாரைக் கூப்பிடுவது?

மறுநாள் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பதினாறு வயதில் தொடங்கி நேற்று எண்ணெய்க் கிண்ணம் வரை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அம்மா முகம் சுளிக்காமல் கேட்டார்.

"பேச்சு முடிஞ்சுதும்மா. இனி எனக்கு வாய் எதுக்கு? மௌனத்தைக் கொடுங்க."

"இல்லைக்கா."

"வழக்கப்படிதானே எல்லாம் செஞ்சேன்?"

"செஞ்சீங்க. ஆனா மௌனத்தை நேத்தே செண்பகம் எடுத்துக்கிட்டாங்க. பேச்சை முடிக்காமலே எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டா, அவங்க திறக்கிற அன்னைக்குப் பதில் சொல்ல ஆள் வேணாமா?"

அடுத்த அறையில் பாய் உதறும் சத்தம் கேட்டது. மரகதம் அந்தப் பக்கம் திரும்பாமல் குனிந்திருந்தாள்.

"அவ திறக்கவே இல்லைன்னா?"

"நீங்க திறக்க முப்பது வருஷம் ஆச்சுக்கா. அவங்களுக்கு நேத்துதான் முதல் நாள்."