பிரதானி வாசலில் முளைத்த சாமி

ராஜாவுக்கு ஆசை வந்தால் ஊருக்குக் காய்ச்சல் வரும். பூவரசநல்லூர் ராஜா திடவிக்கிரமருக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. வரவழைத்தவன் கடல்கடந்து போய்வந்த ஒரு வியாபாரி.

"அங்கே எல்லாம் ஒரே கட்டடம், மகாராஜா! கீழே கடை, மேலே வீடு, முன்னால் கோயில், ஓரத்தில் பள்ளிக்கூடம். ஒருத்தன் பிறந்து, படித்து, கல்யாணம் கட்டிப் பேரன் எடுக்கிறவரை மழையில் நனைய வேண்டியதே இல்லை" என்று அளந்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் சபை கூடியதும் ராஜா கேட்டார். "நம் ஊரும் நாளுக்கு நாள் பெருகுகிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். எந்த இடம் தோது?"

பிரதானி விருத்தகிரி சட்டென்று எழுந்தார். அவருக்கு ஒரு மைத்துனர். மைத்துனருக்குக் கட்டட வேலை. மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"வளையல்காரத் தெருதான், மகாராஜா. அங்கே இருப்பவர்களைச் சுடுகாட்டுப் பக்கம் குடியேற்றிவிடலாம். நல்ல காற்று."

ராஜா தலையாட்டினார். பிரதானி சொன்ன கையோடு, எல்லை குறிக்க நடும் அளவுக்கற்களை வண்டியில் ஏற்றித் தெருமுனையில் இறக்கிவிட்டார். கூடவே தண்டோராவும் போட்டார். அரசாங்க அளவுக்கல்லை நட்டபிறகு யாராவது அசைத்தால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றிவிடுவார்களாம்.

வளையல்காரி மாடத்தி அழுதுகொண்டே ஓடினாள், குத்தாலத்தின் வீட்டுக்கு. குத்தாலம் ராஜசபையில் இருக்கும் விகடகவி. வாய்க்குப் பயந்து பிரதானியே அவர் பக்கம் திரும்ப மாட்டார்.

"ஐயா, சுடுகாட்டுல போயி யாருக்கு வளையல் விக்கிறது? பொணமா கைய நீட்டும்?"

குத்தாலம் துண்டை உதறித் தோளில் போட்டார். நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியும். கஜானாவிலிருந்து ஒரு காசு வேண்டாம். யாரையும் துரத்தவும் வேண்டாம். கடை, வீடு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் தானாக முளைக்கும்."

"முளைக்குமா? கீரையா அது?" என்றார் ராஜா. "சரி, பௌர்ணமி வரை பார்க்கிறேன். முளைக்காவிட்டால் வளையல்காரத் தெருவோடு சேர்த்து உம் வீட்டையும் இடிப்பேன்."

"அப்படியே ஆகட்டும். பிரதானி அவர்களே, உங்கள் அளவுக்கற்களில் ஒன்று தருவீர்களா?"

பிரதானிக்கு ஒரே குஷி. "தாராளமாக எடுத்துப் போம். பௌர்ணமியன்று தலையை முட்டிக்கொள்ள உதவும்!" சபை சிரித்தது. குத்தாலமும் சிரித்தார்.

மறுநாள் விடியற்காலை. பிரதானி மாளிகையின் வாசலை ஒட்டித் தெருவில் அந்தக் கல்லை நட்டார் குத்தாலம். மஞ்சள் பூசினார். குங்குமம் வைத்தார். ஒரு சிவப்புத் துணியைச் சுற்றினார். பிறகு கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். வாயைத் திறக்கவே இல்லை.

பால்காரன் ஒருவன் அவசரமாகப் போனான். நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பின்னால் வந்தவன், "இது என்ன சாமி?" என்று கேட்டான்.

"தெரியாமலா கும்பிடுதாக? சக்தியுள்ள சாமி!" என்றான் பால்காரன்.

அவ்வளவுதான். மத்தியானம் பூக்கடை வந்தது. சாயங்காலம் தேங்காய்க்கடை. கும்பிட்டவர்களுக்குப் பசித்தது, இட்லிக்கடை வந்தது. பெண்கள் கூடிய இடத்தில் வளையல் விற்காதா என்ன? மாடத்தியும் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். நிழல் நன்றாக இருக்கிறதென்று ஒரு வாத்தியார் பிள்ளைகளை அழைத்துவந்து மாளிகையின் ஓரத் திண்ணையில் பாடம் நடத்தினார். வெளியூர்க் கூட்டம் தங்க இடம் கேட்டது. பிரதானியின் மாமியார் கெட்டிக்காரி. மாடி அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டாள். பிரதானியின் படுக்கையறையில் பழனியிலிருந்து வந்த ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது.

பிரதானி கடப்பாரையோடு வந்தார். அவர் மனைவியே குறுக்கே விழுந்தாள்.

"ஐயோ, நம்ம குலம் வெளங்க வேண்டாமா? நேத்து வேண்டிக்கிட்டேன், இன்னிக்கு என் முட்டுவலி போயிருச்சு!"

கடப்பாரை கீழே விழுந்தது. அதையும் யாரோ சூலமாக நட்டுப் பொட்டு வைத்துவிட்டார்கள்.

பௌர்ணமியன்று ராஜா வந்தார். கூட்டத்தில் முண்டியடித்து உள்ளே போய், இட்லி தின்றார், மாடியைப் பார்த்தார், வாத்தியாரிடம் ஒரு கணக்குக்குத் தப்பாக விடை சொன்னார். மனம் குளிர்ந்துபோயிற்று.

"கீழே கடை, மேலே வீடு, முன்னால் கோயில், ஓரத்தில் பள்ளிக்கூடம்! பலே! குத்தாலம், இது எந்தச் சாமி?"

"சாமி என்று நான் சொல்லவே இல்லையே, மகாராஜா. பிரதானி கொடுத்த அளவுக்கல். இடத்தை அளக்கத்தானே அவர் கல் நடுகிறார்? நானும் அதைத்தான் செய்தேன்."

பிரதானி காலில் விழுந்தார், ராஜாவின் காலில். "மகாராஜா, கல்லைப் பிடுங்கச் சொல்லுங்கள்! வளையல்காரத் தெருவின் பேச்சையே இனி எடுக்க மாட்டேன்!"

"தெரு இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஆனால் கல்லை எப்படிப் பிடுங்குவது?" என்றார் ராஜா. "அரசாங்கக் கல். அசைத்தால் மொட்டை, கழுதை. தண்டோரா நீர் போட்டதுதானே?"

பிரதானி தம் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

"குத்தாலம், உமக்கு என்ன வேண்டும்? கேளும்!"

"பொன் பொருள் வேண்டாம், மகாராஜா. இந்த வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் கடையை மட்டும் எனக்குக் கொடுங்கள்."

"செருப்புக் காவலா? அதில் என்ன வரும் உமக்கு?"

"பெரிதாக ஒன்றும் வராது. பிரதானி மட்டும் வருவார். இனிமேல் தம் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் என்னிடம் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தானே போக வேண்டும்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பின் அதிர்வில் கல்லின் மேலிருந்த பூ ஒன்று பொத்தென்று விழுந்தது. "சாமி பூக் கொடுத்திருச்சு!" என்று கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முதலில் போட்டுக்கொண்டவர் பிரதானிதான்.